கோச் சூசையப்பன் கேட்ட நாலு காகிதம்

சூசையப்பன் இந்த மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். சின்னக்கானலில் விடிவதற்கு முன் கிளம்பி, மூணாறிலும் உடுமலையிலும் பஸ் மாறி வந்தவர். கோவிந்தாபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் நாலு ஆட்டக்காரர்களின் பதிவுக் காகிதங்கள். வயது அறுபத்தொன்று.

இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று முடிவு செய்து வந்தேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். இறைவனடி சேர்ந்தார் என்றீர்கள், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றீர்கள். அவர் எங்கே போகும் வழியில் செத்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? சொன்னால் அடுத்த கேள்வி வரும். யாரைப் பார்க்கப் போனார்? நானே சொல்கிறேன். என்னைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்.

தலைமை தாங்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து அமர்ந்திருக்கும் கணவாய் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் சேர்மன் பூபதிராஜா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கோச்சின் மனைவி இருதயம்மாள் அவர்களே, மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருக்கும் நாலு ஆட்டக்காரர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் வெங்கிடாசலம். கோவிந்தாபுரத்தில் மாங்காய் மண்டிக்காரன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. விலை பேசித்தான் பழக்கம். அந்தப் பேச்சையே பேசுகிறேன்.

கணவாய் யுனைடெட் என்ற அந்தக் கிளப் மூச்சு விட்டது மொத்தம் இரண்டு வருஷம் நாலு மாதம். ஓர் ஒட்டுமாங்கன்று காய்க்கிற காலம்கூட இல்லை. அது பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். எலப்புள்ளியில் மனை போட்டு விற்றுப் பணம் பார்த்த சேர்மன் அவர்கள் ஒரு நாள் மூன்று காரில் என் மண்டிக்கு வந்தார். ஒரு காரில் அவர், மற்ற இரண்டில் அவரைப் படம் பிடிக்கிறவர்கள். கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு மைதானம் காட்டினார். அதில் இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க ஆறு ஏக்கர்லதானுங்க அண்ணா சரித்திரம் நடக்கப்போகுது" என்றார்.

"சரித்திரத்துக்கு வருஷம் என்னங்க குத்தகை?" என்று கேட்டேன்.

வருஷம் நாலு லட்சம், பதின்மூன்று வருஷம் என்று முடிந்தது. அடுத்த மாதமே தொடக்க விழா. யானை வந்தது, செண்டை வந்தது, தலைக்கு மேலே ட்ரோன் பறந்தது. சட்டை இருந்தது, அந்தச் சட்டையில் ஒன்பது கம்பெனி விளம்பரம் இருந்தது, கிளப்புக்கென்று பாட்டு இருந்தது, பாலக்காட்டு ஓட்டலில் விருந்து இருந்தது. ஆட்டக்காரன் மட்டும் இல்லை. கால்பந்துக் கிளப்புக்கு ஆட்டக்காரன் வேண்டும் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் அங்கே யாருக்கோ ஞாபகம் வந்தது.

அப்போது வந்தவர்தான் சூசையப்பன். தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் எஸ்டேட் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த எஸ்டேட் மைதானத்தை நான் அவர் அடக்கத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். சரிவில் வெட்டிய ஒரு துண்டு நிலம். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு இருநூறடி கீழே போய் நிற்கும். தவறவிட்டவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். கீழே யானை நின்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அங்கே பழகிய கோல்கீப்பர் ஏன் பந்தை விடுவதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்பது பேரை அவர் மலையிலிருந்து கூட்டி வந்தார். அவர்களில் ஒருவர் இதோ நிற்கும் மிக்கேல்ராஜ். அப்போது கிளப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டெக்னிக்கல் டைரக்டர் வந்திருந்தார். அவர் வேலை என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் மிக்கேல்ராஜை நாடா வைத்து அளந்துவிட்டு, கீப்பருக்கு இரண்டு அங்குலம் உயரம் குறைவு என்றார்.

சூசையப்பன் சொன்னார்: "குறைச்சல்தான் சார். பந்து வரும்போது நாலு இஞ்சு கூடுவான்."

கூடினாரா இல்லையா? முதல் சீசனில் ஏழாவது ஆட்டம். ஆறாயிரம் பேர். நகரத்திலிருந்து வந்த பெரிய அணி. கடைசி நிமிஷத்தில் பெனால்ட்டி. மிக்கேல்ராஜ் அதைத் தடுத்து விழுந்தபோது, சொந்தச் சித்தப்பா செத்த அன்றும் மண்டி திறந்த நான், மண்டியைப் பூட்டிவிட்டு வந்து அந்தக் கேலரியில் நின்று ஆடினேன். ஆட்டம் முடிந்ததும் நாம் யாரைத் தோளில் தூக்கினோம்? சேர்மனைத் தூக்கினோம். கோச் அந்த நேரத்தில் கோல் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் ஒரு மூலையில் அவர் முதுகு தெரியும். கேலரிக்கு அடியில் ஒரு அறையில் தங்கி, புல் வெட்டி, சட்டை துவைத்து, இருபத்திரண்டு பேரின் கால் வலியையும் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தவருக்கு நாம் கொடுத்த இடம் அந்த மூலை.

இரண்டாவது சீசனில் விழத் தொடங்கியது. எப்படி விழுந்தது என்று மாங்காய்க்காரன் சொன்னால்தான் சரியாக இருக்கும். ஜனவரியில் தோப்பு நிறையப் பூத்து நிற்கும். புதிதாக வியாபாரத்துக்கு வந்தவன் அந்தப் பூவைப் பார்த்துக் காய்க்கு விலை கொடுத்துவிடுவான். பனி இருக்கிறது, காற்று இருக்கிறது, தத்துப்பூச்சி இருக்கிறது என்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாது. சேர்மன் அவர்கள் அந்த ஒரு பெனால்ட்டியைப் பார்த்துக் கோப்பைக்கு விலை கொடுத்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு முட்டி போயிருந்தது. இன்னொருவருக்கு மனசே வரவில்லை. இரண்டு பேரும் ஓட்டலில் இருந்தார்கள். மலைப் பிள்ளைகள் கேலரிக்கு அடியில் இருந்தார்கள். விளம்பரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து இறங்கின. சேர்மன் முகம் ஒட்டிய பஸ்ஸைக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். முகத்தை உரித்துக் கொடுக்கச் சொல்லி நம் ஆள் கேட்டதாகவும் கேள்வி.

திருச்சூரில் ஆட்டம். போக வண்டி இல்லை. கோச் என் மண்டிக்கு வந்து லாரி கேட்டார். மாங்காய் ஏற்றுகிற லாரிங்க, வைக்கோலும் பெட்டியுமாகக் கிடக்கும் என்றேன்.

"காய் அடிபடாம போற வண்டிதான அண்ணாச்சி, பயலுவளும் அடிபடாம போவானுவ" என்றார்.

போனார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து வந்தார்கள். மறுநாள் சேர்மன் அவர்கள் லாரிப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, 'எளிமையே எங்கள் பலம்' என்று எழுதினார். அவர் காரில் போயிருந்தார்.

பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'கிளப் தற்காலிகமாக இளைப்பாறுகிறது.' செய்தியைப் போட்டுவிட்டுச் சேர்மன் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். இருபத்திரண்டு பேருடைய பிழைப்பை முடித்துவைக்க ஒரு வரி போதுமாக இருந்தது அவருக்கு. அந்தக் குழுவில் இந்த மேடையில் இருக்கும் எல்லோரும் இருந்தோம். கை கூப்பும் பொம்மை அனுப்பினோம். வேறென்ன செய்தோம்?

இனிமேல்தான் என் பங்கு வருகிறது.

ஓர் ஆட்டக்காரன் ஒரு கிளப்பின் பதிவில் இருக்கிறவரை வேறு கிளப்பில் ஆட முடியாது. பழைய கிளப் ரிலீஸ் கடிதம் கொடுக்க வேண்டும். பதினெட்டுப் பேருக்குக் கடிதம் கிடைத்தது. நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. நாலு பேரும் சின்னக்கானல்காரர்கள். சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறார்கள் என்று சேர்மன் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். கிளப் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இவர்கள் நாலு பேர் மட்டும் இன்னும் அதன் ஆட்டக்காரர்கள். அந்த மிக்கேல்ராஜ் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். கோச் மேலே உள்ள கால்பந்துச் சங்கத்துக்கு மனுப் போட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

ஏன் நாலு பேர்? இந்தக் கேள்வியை நீங்கள் யாரும் கேட்டதில்லை. பதில் என் பத்திரத்தில் இருக்கிறது. நான் தோப்பைக் குத்தகைக்கு விடும்போது ஒரு வரி எழுதுவேன். காவலுக்கு நாலு ஆள் இருக்கிறவரை குத்தகை நடப்பில் இருப்பதாக அர்த்தம். ஆள் குறைந்தால் தோப்பைக் கைவிட்டதாக அர்த்தம். அப்போது மீதிக் காலக் குத்தகை முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். பாதியில் ஓடிப்போகிற குத்தகைக்காரனைப் பிடிக்க நான் கண்டுபிடித்த வரி. மைதானத்துக்குப் பத்திரம் எழுதும்போது பழைய தோப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, 'காவல் ஆள்' என்று இருக்கிற இடத்தில் 'பதிவு பெற்ற ஆட்டக்காரர்' என்று மாற்றச் சொன்னேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

சேர்மன் அவர்கள் அந்த வரியைப் படித்தார். அவர் வாழ்க்கையில் முழுதாகப் படித்த வரி அது ஒன்றாகத்தான் இருக்கும். மொத்தத்தையும் கட்டாமல் தப்பிக்க நாலு ஆள் வேண்டும். யாரை வைக்கலாம்? கேட்க நாதியில்லாதவர்கள் யார்? வருஷக் குத்தகையை மட்டும் எனக்குக் கட்டிக்கொண்டு, இந்த நாலு பேரையும் காலி மைதானத்துக்குக் காவல் ஆளாக வைத்துவிட்டார்.

சூசையப்பன் மூன்று தடவை என் மண்டிக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் நாலு பஸ். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு. கடைசியாக வந்தது டிசம்பரில். அப்போது ஒரு கிளப் மிக்கேல்ராஜைக் கேட்டிருந்தது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

"அண்ணாச்சி, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சு விட்ருங்க. அவரு கையெழுத்துப் போட்ருவாரு."

"ஏனுங்க கோச், அதை அடிச்சா எனக்கென்னங்க மிச்சம்?"

"நெலம் மிச்சம் இருக்குல்லா. பயலுக்கு இருபத்தேழு ஆச்சு அண்ணாச்சி. காய் மரத்துலயே பழுத்துட்டா நீங்க எடுப்பியளா?"

எடுக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். நான் சிரித்தேன். வியாபாரம் கத்துக்கிட்டீங்க கோச் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. என் கணக்கு வேறாக இருந்தது. சேர்மன் எத்தனை நாளைக்கு வருஷக் குத்தகை கட்டுவார்? களைத்துப்போய் அவரே வருவார், பாதிக்காவது பேசி முடிக்கலாம் என்று காத்திருந்தேன். காத்திருப்பது என் தொழில். காத்திருக்க நேரமில்லாதவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு மலைக்குப் போனேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது இருதயம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அவுக எந்நேரமும் ஒரு வரி, ஒரு வரின்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அது என்ன வரி? எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

பத்திரத்தின் நகல் என் போனில் இருந்தது. படித்துக் காட்டினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் கோச்சின் பேரில் ஒரு சுழற்கோப்பை வைக்கலாம் என்றீர்கள். ஒரு சிலை என்றார் ஒருவர். சேர்மன் அவர்கள் மைதான வாசலுக்கே கோச் பெயரைச் சூட்டலாம் என்றார். அது என் வாசல். சூசையப்பன் யாரிடமாவது கோப்பை கேட்டாரா? சிலை கேட்டாரா? நாலு காகிதம் கேட்டார். அதைக் கொடுக்க முடியாத நாம் அவருக்கு வெண்கலத்தில் மூக்கு வைக்கப் போகிறோம். என்ன ஒரு தாராளம்!

அவர் விட்டுப்போன வேலை ஒன்றுதான். அதை நேற்று மாலை என் மண்டியில் உட்கார்ந்து முடித்தோம். சேர்மன் அவர்கள் முதலில் கேலரி இரும்பைக் கேட்டார். கொடுத்தேன். விளக்குக் கம்பங்களைக் கேட்டார். கொடுத்தேன். கடிதங்களைத் தம் கையாலேயே இந்த மேடையில் வழங்குவதாகவும், அதைப் படம் எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அது முடியாது என்றேன். இரங்கல் கூட்டத்தில் தம்மைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்று கேட்டார். அது என்னிடம் விற்பனைக்கு இல்லை என்றேன். கடைசியில், கடிதங்களை மாத முடிவில் தருகிறேன் என்றார். மாத முடிவில் பதிவு வாசலைச் சாத்திவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்திரம் எழுதுகிறவரை அங்கேயே வரவழைத்தேன்.

நாளை திங்கட்கிழமை. பதிவு முடிய இன்னும் ஆறு நாள். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு நானே போகிறேன். கோச் போயிருந்தால் பஸ்ஸில் போயிருப்பார். நான் காரில் போவேன். எனக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ரசீது கைக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். சபை அறியச் சொல்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேச நினைக்கிற யாருக்கும், என்னையும் சேர்த்து, நீங்கள் எல்லோரும் சாட்சி.

பேசி முடித்தது இவ்வளவு. அந்த ஒரு வரி அடிக்கப்பட்டது. எட்டு வருஷ மீதிக் குத்தகை, முப்பத்திரண்டு லட்சம், நான் விட்டுக்கொடுத்தது. கேலரி இரும்பும் விளக்குக் கம்பமும் சேர்மனுக்கு. நிலம் எனக்கு. நாலு ரிலீஸ் கடிதங்கள், கையெழுத்தும் முத்திரையும் போட்டு, இன்று மாலை ஐந்து மணிக்குள் இருதயம்மாள் கையில். ஒரு கடிதம் எட்டு லட்சம் ஆகிறது. டிசம்பரிலும் இதே விலைதான்.