மச்சானை வலையில் சுற்றித் தூக்கியது

என் பெயர் பொன்னுரங்கம், வயது 61, தகப்பனார் பெயர் அர்ஜுனன். பசியாவரத்தில் குடியிருந்து ஏரியில் மீன் பிடித்து வருகிறேன். நேற்று முதல் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கும் தினகரன் என் தங்கை சாந்தியின் மகன். அவன் தாக்கியதாகச் சொல்லப்படும் தருமலிங்கம் அவனைப் பெற்ற தகப்பனார், எனக்கு மச்சான், பிடிவாதத்தில் மூன்று மாவட்டத்துக்குச் சக்கரவர்த்தி.

நேற்று காலை மச்சானுக்குப் பாடு. அதாவது ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் சீட்டுப் போட்டுக் கொடுத்த முறை. விட்டால் மறுபடி வர இருபது நாள் ஆகும். இடுப்பளவு தண்ணீரில் கழி ஊன்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். நானும் தினகரனும் ஓடிப்போய்ப் பார்க்க, முகம் ஈரச் சாம்பலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். "வாய்வுடா. பாட்ட வுட்டுட்டு எவன் வருவான்?" என்று கழியைக் கட்டிக்கொண்டார். துறைமுகத்துக் கிரேன் வந்திருந்தாலும் அந்தப் பிடியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கும். "வா நைனா" என்று தினகரன் அழுதான்.

அதன்பிறகு நான் சொல்ல, தினகரன் அவரை வலையால் சுற்றினான், நான் காலைப் பிடித்தேன், இருவருமாகப் படகில் தூக்கிப் போட்டோம். அப்போது மச்சான் விட்ட அறையில் தினகரனுக்கு உதடு கிழிந்தது. அந்தச் சத்தத்தில் ஏரியிலிருந்த பூநாரைகள் அத்தனையும் ஆந்திராவுக்குக் குடிபெயர்ந்தன.

வாக்குமூலத்தில் இந்த இடம் வந்தபோது, எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா எலிசபெத், "பெரியவரே, நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார்கள். "இதுவும் நடந்துச்சும்மா" என்றேன்.

கரை சேரும் வரை தினகரன் அவர் தலையை மடியில் வைத்திருந்தான். உதட்டு ரத்தம் அவர் மேல் சொட்டாமல் முகத்தைத் திருப்பியே இருந்தான்.

பறவை பார்க்க வந்த ஒருவர் இதைப் படம் எடுத்து, முதியவர் மீது கொடூர வன்முறை என்று புகார் கொடுத்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அப்படித்தான் தெரியும், அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு அந்தச் சொல் டிவியில்தான் வரும். நாங்கள் அடிச்சான், தள்ளினான், வலையை அறுத்தான் என்று நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பஞ்சாயத்து பேசுவோம். அப்படிச் சொன்னால், வேண்டாம் என்றவரை மடக்கினோம், சுற்றினோம், தூக்கினோம். அடி வாங்கியவன் தினகரன். இதற்கும் வன்முறை என்றுதான் பெயர் என்றால் அதை என் மேல் எழுதிக்கொள்ளவும். அவனுக்குப் பெண் பார்க்கிறோம். போகிற வீட்டுக்கெல்லாம் அவனுக்கு முன்னால் அந்தச் சொல் போய் உட்கார்ந்திருக்கும்.

டாக்டர் அடைப்பு என்று ஊசி போட்டு, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். மச்சான் இன்று காலை கண் திறந்து, "புள்ள எங்கடா? வாய் வீங்கிக்கீதா?" என்று கேட்டார். டீ வாங்கப் போயிருக்கிறான் என்றேன். மதியமும் அதையே சொன்னேன். "இன்னாடா, டீத்தோட்டமா வாங்கறான்?" என்றார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்க விடுவார்கள்.

இவ்வளவும் நான் சொல்லி ஏட்டம்மா எழுதி, படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடி உள்ளது. முதல் பக்கத்தில் 'வன்முறை' என்று எழுதியிருந்ததை ஏட்டம்மா அடித்து, 'ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றது' என்று திருத்தி ஓரத்தில் கையெழுத்து வைத்தார்கள். அடித்தல் ஒன்று, திருத்தம் ஒன்று. தினகரன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அ. பொன்னுரங்கம்