செம்பும் இரண்டு கொய்யாவும்

2024 மே 6. திருச்சுழியில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது.

எனக்கு அது தொந்தரவாக இல்லை ஐயா. ஜன்னல் வெளிச்சம் போதும். அருப்புக்கோட்டைப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியர் நான். கிரேக்கப் புராணங்களை ஸ்டில் லைஃபாக வரைந்துவருகிறேன். ஆள் இருக்கக் கூடாது. வைத்த பொருளே கதை சொல்ல வேண்டும். மெழுகுச் சிறகு உருகி வானத்திலிருந்து விழுந்த இகாரஸுக்கு, அணைந்த மெழுகுவர்த்தியும் சேவல் இறகும். பார்த்தவர்கள் பொருள் அழகாயிருக்கிறது, கதையைத்தான் காணோம் என்றார்கள்.

அடுத்தது டாண்டலஸ். அவன் குனிந்தால் தண்ணீர் விலகும், கை நீட்டினால் பழம் விலகும். தெய்வங்கள் தந்த தண்டனை.

அண்ணன் ராமசுப்பு இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் கிடந்தார். மளிகைக் கடை வைத்து என்னைப் படிக்கவைத்தவர். மதினி ஒரு விசேஷத்துக்காகக் காரியாபட்டி கிளம்பினார். மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார்.

"அவுக கேக்கையில தண்ணி மட்டும் குடுத்துருங்க கொழுந்தனாரே."

கட்டிலருகே ஸ்டூலில் செம்பையும் இரண்டு கொய்யாவையும் வைத்தேன். அண்ணன் கை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை.

"ஏலே, செம்ப இங்கிட்டுத் தள்ளு."

"செத்தப் பொறுங்கண்ணே. அசைச்சா படம் கெட்டுரும்."

"ரெண்டு கொய்யாவுக்கு ஒரு பகலாலே? கடையில நின்னிருந்தா உன்னய என்னைக்கோ வெரட்டிருப்பேன்."

இருவரும் சிரித்தோம்.

வைத்த பொருளைப் படம் முடியும்வரை நகர்த்தக் கூடாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் அதுதான். செம்பின்மேல் நீர்த்துளி தெரிய வேண்டும். வெக்கையில் காயக் காய விரலால் தெளித்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் தூரிகையைக் கழுவினேன். செம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வீட்டுக் காளீஸ்வரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், அண்ணாச்சி சத்தத்தையே காணோம்?"

"தூங்குறாக" என்றேன்.

ஸ்டூலை எங்கே போடுவது என்று முந்தின வாரமே அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்திருந்தேன். பக்கத்தில் தாகம் இருந்தால்தான் தண்ணீர் தண்ணீராகத் தெரியும்.

மதியம் படம் முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் செம்பை எடுத்து அண்ணன் வாயில் ஊற்றினேன். தண்ணீர் கடைவாய் வழியே தலையணையில் இறங்கியது.

மதினி என்னைக் கொலைகாரன் என்கிறார். படம் உங்களிடம்தான் இருக்கிறது ஐயா, நிதானமாகப் பாருங்கள். செம்பு, கொய்யா, ஸ்டூல். அதில் ஆள் யாரும் இல்லை.