கோமதி அக்காவின் தோள்பட்டை வலி

தண்ணீர் கட்டில் கால்களில் ஏறுகிறது. காலை ஆறு மணி பத்து நிமிடம். டிசம்பர் இரண்டு, 2015. முடிச்சூர். பன்னிரண்டு கட்டில் கொண்ட சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்தவர்களின் வார்டு தரைத்தளத்தில். எந்தப் புண்ணியவான் அப்படிக் கட்டினானோ தெரியாது.

"சிஸ்டர்! ஜெனரேட்டர் ரூம் முழுகிடுச்சு! எல்லாரையும் மேல ஏத்துங்க! ஏத்துங்க!"

வாட்ச்மேன் ஏகாம்பரம் அண்ணா கத்துகிறார். டப். ஒரே சத்தம். மின்விசிறி நின்றது. அதற்குப் பிறகு கழிவறைப் பக்கமிருந்து களக், களக் என்று தண்ணீர் மட்டும்.

நான்தான் அங்கே நர்ஸ். பதினோரு வருட சர்வீஸ். என்னை டியூட்டி மாற்ற வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. டாக்டர் கீழ்க்கட்டளையில் மாட்டிக்கொண்டார். போனில் சிக்னல் போய்விட்டது. நான்கு நோயாளிகள், நான் ஒருத்தி.

ஆட்டோ ஓட்டும் தேவராஜ், காலில் பிளேட் வைத்தது. காட்டாங்குளத்தூரில் படிக்கும் ஒரு பையன், குடல்வால். ஓய்வு பெற்ற வாத்தியார் சார் ஒருவர், குடலிறக்கம். நான்காவது கோமதி அக்கா. முந்தைய நாள்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்.

இவர்களைத் தூக்கினால் வலி உயிரை எடுக்கும். தூக்குவதற்கு முன் வலி ஊசி போட வேண்டும். மருந்து அறைக்கு ஓடினேன். தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். அசையவில்லை, சனியன். டிராலியில் இருந்தது மூன்று ஊசி மட்டும்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. வலிக்கு நம்பர் கேட்போம். வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாது என்றால் பத்து. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டேன்.

தேவராஜ் அலறினார். "பத்து சிஸ்டர்! பத்துக்கு மேல! சீக்கிரம் போடு!" பையன் எட்டு என்றான். சார் யோசித்து, ஏழு என்றார்.

கோமதி அக்கா சிரித்தார். "எனுக்கு மூணு போட்டுக்கோ சிஸ்டர். ரெண்டு புள்ள பெத்தவ நான். இதெல்லாம் ஒரு வலியா? அவுங்களுக்குப் போடு."

போட்டேன். மூன்று பேருக்கும். கேஸ் ஷீட்டில் மூன்று என்று எழுதினேன். எங்கள் வார்டில் இப்படிப்பட்டவர்களுக்கு 'நல்ல பேஷண்ட்' என்று பெயர். பெல் அடிக்க மாட்டார்கள், முனக மாட்டார்கள். நாங்கள் அவர்களைப் பாராட்டுவோம். பாராட்டிப் பாராட்டியே வாயை அடைத்துவிடுவோம்.

போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்து மாடிக்குத் தூக்கினோம். ஏகாம்பரம் அண்ணா, பையனுக்குத் துணையிருந்த அப்பா, தேவராஜுக்குத் துணையிருந்த தம்பி, நான். "பாத்து! சுவத்துல இடிக்காத! பாத்து!" பதினெட்டுப் படி. நான்கு முறை. கோமதி அக்காவைக் கடைசியாகத் தூக்கினோம். ஊசி போட்ட மூவரும் கத்தினார்கள். ஊசி போடாதவர் கத்தவில்லை. போர்வை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். பார்த்துவிட்டு, அடடா, என்ன பொறுமை என்று நினைத்தேன்.

எட்டு மணி. மாடி வராந்தாவில் நால்வரும் தரையில். கோமதி அக்கா என்னைக் கூப்பிடுகிறார்.

"சிஸ்டர், வயித்துல ஒண்ணும் இல்ல. இந்தத் தோள்பட்டதான் புடிச்சிக்கினு கீது."

"துணியில தொங்கிட்டு வந்தீங்கல்லக்கா, சுளுக்கியிருக்கும்."

தைலம் தேய்த்துவிட்டேன். ஐயோ, தைலம் தேய்த்தேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் வலி தோள்பட்டையில் தெரியும். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பிரஷர் பார்க்கும் கருவி கீழே தண்ணீரில் போய்விட்டது. ஆனால் நாடி பார்க்கக் கருவி எதற்கு? விரல் போதும். என் விரல்கள் தைலத்தில் இருந்தன.

ஒன்பது மணிக்கு மோட்டார் சத்தம். மீனவர்களின் படகு. ஏற்கெனவே குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஒருத்தர்தான் படுக்க முடியும்! சீக்கிரம்! யாரு? யாரு?"

எனக்கு ஒரு கணம்தான் இருந்தது. தேவராஜ் பத்து. கோமதி அக்கா மூன்று. தேவராஜை அனுப்பினேன். "போய்ட்டு வாப்பா," என்று கோமதி அக்காதான் அவருக்குத் தைரியம் சொன்னார்.

பதினொன்று நாற்பது. வாத்தியார் சார் கத்துகிறார். "சிஸ்டர்! இந்தம்மாவப் பாருங்க! வேர்த்துக் கொட்டுது!"

உதடு வெளுத்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. நாடி பிடித்தேன். நூல் மாதிரி ஓடியது. வயிற்றைத் தொட்டேன். பலகை. அப்போது முதல்முறையாக முனகினார்.

"அக்கா, நம்பர் சொல்லுக்கா!"

"பத்து," என்றார். "அப்பவே பத்துதான் சிஸ்டர். கத்துனா நீ பேஜாராயிடுவன்னுதான் சொல்லல."

மாடியில் நின்று துப்பட்டாவை வீசினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "படகு! இங்க வாங்க! உயிர் போகுது! இங்க!" தெரு முழுவதும் பழுப்புத் தண்ணீர். ஒரு கேஸ் சிலிண்டர் மிதந்து போகிறது. மனிதர் யாரும் இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் அடுத்த படகு வந்தது. அவர் தலை என் மடியில். தாம்பரம் ரோடு மேட்டைத் தொடுவதற்கு முன் நாடி நின்றது. அழுத்திப் பார்த்தேன், நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். படகோட்டி அண்ணன்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தண்ணீர் கொண்டுபோனவை: பன்னிரண்டு மெத்தைகள். ஜெனரேட்டர். மருந்து அறை முழுவதும். என் ஸ்கூட்டி. கேஸ் ஷீட்டுகள் எல்லாம். நான் எழுதிய அந்த மூன்றும் அதோடு கரைந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்க ஆதாரமே இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

போன உயிர் ஒன்று. கோமதி. வயது நாற்பத்தாறு. முடிச்சூரிலேயே பிறந்தவர். இரண்டு பெண்கள்.

பெரியவள் ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாமல் மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லாமல், மழையில். அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாக்கு ரொம்ப வலிச்சுதாக்கா?"

"இல்லம்மா," என்றேன். "வலியே இல்ல."

அது பொய். வலித்தது, கண்ணு. ஆறரை மணி நேரம் வலித்தது. பக்கத்திலேயே நான் இருந்தேன்.