ட்ரூமனின் ஆறு அம்புகள்

எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான். பசையை அதிகம் வைத்துவிடுவார்கள். ஒரு கடுகளவு போதும். கார்பன் அம்பின் உட்புறத்தை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, அந்தக் கடுகளவை வைத்து, மெதுவாகத் திருகிச் செருகினால் நாக் ஆயுளுக்கும் அசையாது. அதிகம் வைத்தால் வெளியே பிதுங்கும், எடை கூடும், அம்பு கோணலாகப் போகும். இதை நான் எங்கள் ஊர் ஹார்லன் க்ரீக்கில் குறைந்தது நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். பாதிப் பேர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போயிருக்கிறார்கள்.

நாக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மேசைமேல் ஓடுகிற அந்தப் பதிவுக் கருவிக்காகச் சொல்கிறேன். அம்பின் பின்முனையில் செருகுகிற சின்ன பிளாஸ்டிக் மூடி. துப்பாக்கி மாதிரித் தோளில் வைத்து எய்கிற குறுக்குவில்லின் நாண் வந்து தள்ளுவது அதைத்தான். சில வில்லுக்கு அது தட்டையாக இருக்க வேண்டும். சில வில்லுக்கு நாண் வந்து உட்காரப் பிறை மாதிரி ஒரு குழி வேண்டும். மாற்றிப் போட்டால், ஆறு தடவை ஒன்றும் ஆகாது. ஏழாவது தடவை நாண் அம்பைத் தள்ளாமல் அதன்மேல் ஏறிப் போய்விடும். அத்தனை விசையும் வில்லுக்கே திரும்பும். வில்லின் இரு பக்கக் கைகளும் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

என் பெயர் வெர்லின் ஸ்ட்ரூப். வயது ஐம்பத்தெட்டு. பல் மருத்துவர்களுக்காகப் பொய்ப்பல் செய்கிறேன். சின்னப் பொருளைச் சின்னத் துளையில் நேராகப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. அதனால்தான் வேட்டைப் பருவம் வந்தால் ஊரில் பாதி அம்புகள் என் சமையலறை மேசைக்கு வரும். மனைவி இருந்தபோது மேசையில் இடம் கிடைக்காது. பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்று அவளுக்குப் பதினாறு வருடம் சொல்லிக்கொடுத்தேன். பதினேழாவது வருடம் அவள் டேட்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தட்டுகள் சரியாகவே இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக வேட்டைக்குப் போகிறேன். ஒரு மானைக்கூட நான் வீழ்த்தியதில்லை.

ட்ரூமன் ஓய்லருக்கு இது பெரிய வசதியாக இருந்தது. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், என்னைவிட மூன்று வயது மூத்தவன், சுவரில் பதினோரு மான் தலை மாட்டியிருக்கிறான். இருக்கிறான் என்றே வருகிறது பாருங்கள். மாட்டியிருந்தான். சனிக்கிழமைக் காலைகளில் டைனர் ஓட்டலில் ஆள் சேர்ந்தால் அவனுக்கு என் கதைதான்.

“மான் இவனுக்கு முன்னாடி நின்னு போட்டோவுக்குக் குடுக்கிற மாதிரி முகத்தைக் குடுத்துச்சு. நம்ம பல்லு என்ன பண்ணான் தெரியுமா? விரலை நக்கிக் காத்து எந்தப் பக்கம்னு பாத்தான். அப்புறம் அம்பை எடுத்து நாக் நேரா இருக்கான்னு பாத்தான். அதுக்குள்ள அந்த மான் பேரன் பேத்தி எடுத்து வயசாகிச் செத்தே போச்சு.”

பல்லு என்பது நான்தான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கதை நன்றாகத்தான் இருந்தது. காற்று விஷயம் உண்மையும்கூட.

போன செப்டம்பரில், பருவம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம், அந்த ட்ரூமன் என் பின்வாசலில் வந்து நின்றான். முன்வாசலில் இல்லை. கையில் பழைய ரொட்டிப் பை, அதற்குள் தலைகீழாக ஆறு அம்புகள்.

“இதுக்கெல்லாம் நாக் மாத்தணும்டா. கையில மூட்டு வலி. குறடு பிடிச்சா விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.”

பழைய நாக் எல்லாவற்றையும் அவனே பிடுங்கியிருந்தான். பிடுங்கினான் என்பதைவிடக் கடித்துத் துப்பினான் என்று சொல்லலாம், விளிம்புகள் அப்படி இருந்தன. ஒவ்வொரு அம்பையும் காதருகே வளைத்து விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

“உன் மருமகன்தான் இந்த வேலையெல்லாம் பாப்பானே, ட்ராவிஸ்?”

“நாண் அவன்தான் மாத்திக் குடுத்தான். அம்பையும் குடுத்தா, மாமாவுக்கு வயசாயிடுச்சுன்னு என் பொண்ணு கேலாகிட்ட போய்ச் சொல்லுவான். அவ உடனே மரம் ஏற வேண்டாம்னு ஆரம்பிப்பா. நீ யார்கிட்டயும் சொல்லாதே, பல்லு. நானே பண்ணேன்னு சொல்லிக்கிறேன்.” கிளம்பும்போது திரும்பினான். “அப்புறம் இந்த வில்லு புதுசு, வசந்தத்துல வாங்கினது, இதுக்கு வந்து—”

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

எனக்குத் தெரியாது. அவனுடைய பழைய வில்லைத்தான் தெரியும். அது தட்டை நாக் கேட்கிற வில். ஆனால் ட்ரூமன் ஓய்லர் என் சமையலறையில் நின்று உதவி கேட்கிறான். அந்த நேரத்தில் அவனிடம் ஒரு கேள்வி கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். சந்தோஷம் மனிதனை இப்படியும் கெடுக்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆறையும் முடித்தேன். தட்டை நாக், சிவப்பு நிறம். வானொலியில் ஏதோ பாட்டு வந்தது, கூடவே பாடினேன் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு நேராகத் தன் காரில் வந்து அவன் வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை நடந்தது உங்கள் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. பக்கத்துச் சரிவில் இருந்த ட்ராவிஸுக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. மாமா அம்புதான் எய்வார், வெடி ஏது என்று யோசித்துக்கொண்டே இறங்கி ஓடியிருக்கிறான். வில்லின் ஒரு கை முழுதாக உடைந்து, ஒரு சில்லு ட்ரூமனின் இடது கண்ணில் போயிருந்தது. மரத்தில் கட்டிய பதினெட்டு அடி உயரப் பரணிலிருந்து அவன் பின்பக்கமாக விழுந்திருந்தான். விழாமல் மரத்தோடு பிணைத்துக்கொள்கிற இடுப்புப் பட்டையை அவன் மாட்டியிருக்கவில்லை. அந்தப் பழி என் தலையில் விழாது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ட்ராவிஸ் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் மேடேறி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது.

தட்டை நாக் போட்டதுதான் காரணம் என்று தெரிந்ததும், வில்லில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். ட்ராவிஸ்தான், நாண் மாற்றியவன். அவனுடைய கராஜில் தட்டை நாக் ஒரு டப்பா நிறைய இருந்தது, அவன் வில் அந்த ரகம். “அம்பை நான் தொடவே இல்லை,” என்று சொன்னான். உண்மையைத்தான் சொன்னான். உண்மை சொல்கிறவன் ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று ஊர் யோசித்தது.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸ், ‘பை’ என்கிற பழ இனிப்பில் ஏழு வகை. ட்ரூமனின் தம்பி எவரெட், கையில் காகிதத் தட்டோடு வந்து ட்ராவிஸ் முன்னால் நின்றான்.

“எங்கண்ணன் உன்னை மகன் மாதிரிப் பாத்தாருடா.”

“நான் அந்த அம்பைத் தொடலை, சித்தப்பா. சத்தியமா.”

எவரெட் தட்டைப் பக்கத்து மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு ஒரு குத்து விட்டான். மேல் வரிசையில் முன்பல் ஒன்று போயிற்று. நான் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுந்து துணியில் ஐஸ் சுற்றிக்கொண்டு போனது நான்தான். பலர் அதைப் பார்த்து நெகிழ்ந்தார்கள்.

அந்தப் பல்லை நானே செய்துகொடுத்தேன். காசு வாங்கவில்லை. வெறும் வெள்ளை என்று நினைப்பீர்கள், இல்லை. அவனுடைய பற்களில் புகையிலை மஞ்சள் விளிம்பிலிருந்து மேலே போகப் போகக் குறையும். மூன்று முறை உலையில் சுட்டு எடுத்து அந்த நிறத்தைப் பிடித்தேன். இன்றைக்கும் எது பொய்ப்பல் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. அந்த வாரம் முழுவதும் நான் நன்றாகத் தூங்கினேன்.

கேலா நவம்பரில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ட்ராவிஸ் கல் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் வீட்டுக்கு மாறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு போவேன். வேறு யாரும் போகவில்லை.

“நீங்க ஒருத்தர்தான் வெர்லின் என்னை நம்புறீங்க,” என்பான்.

“எனக்குத் தெரியும்ப்பா நீ செய்யலைன்னு,” என்பேன். அந்த ஊரிலேயே அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் உங்கள் அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்மேல் வழக்குப் பதிகிறார்கள், அதனால் வக்கீல் அதை அனுப்பியிருந்தார்.

“எனக்குப் படிச்சா எழுத்தெல்லாம் ஆடுது. நீங்க இதுல கெட்டிக்காரர். என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிள்ளைகளைப் பார்க்க விட மாட்டார்களா, ஜெயில் எத்தனை வருடம் என்று விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அங்கே எழுதியிருந்தது: ஆறு அம்புகளின் நாக் அனைத்தும் பழக்கமில்லாத கையால், தொழில் தெரியாத ஒருவரால் பொருத்தப்பட்டுள்ளன.

அந்த வரியை நான்கு முறை படித்தேன். பிறகு பீன்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் உங்களுக்குப் போன் செய்தேன்.

அதனால்தான் வந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மனசாட்சி என்று ஒன்று எனக்கும் இருக்கிறது, ஐந்து மாதம் கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது, அவ்வளவுதான். ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்குச் சிறை போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் சொன்னால்தான் முழுதாகும்.

வியாழக்கிழமை ஆறாவது அம்பை முடித்துவிட்டு ரொட்டிப் பையை உதறினேன். அடியில் ஒரு பழைய நாக் விழுந்தது, ட்ரூமன் பிடுங்கியதில் ஒன்று. அதோ, அந்த உறையில் கொண்டுவந்திருக்கிறேன். பாருங்கள், குழி எவ்வளவு தெளிவாக இருக்கிறது. பிறை. ஆறையும் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறை நாக் என்னிடம் இல்லை. வரவழைக்க நான்கு நாள் ஆகும். ட்ரூமனைக் கூப்பிட்டு, நான் தப்பாகச் செய்துவிட்டேன், இந்த வாரம் எய்யாதே என்று சொல்ல வேண்டும். டைனரில் அடுத்த கதை எப்படித் தொடங்கும் என்று எனக்கு அப்போதே காதில் கேட்டது. அவனுடைய குரலிலேயே கேட்டது, சிரிப்பு வருகிற இடங்கள் உட்பட.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் ஒரு அம்பை எடுத்து நாக் மேல் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தான். மூட்டு வலிக்கிற விரல்தான், ஆனால் அதற்குத் தெரிந்துவிட்டது.

“பழசுல இங்க ஒரு பள்ளம் இருந்துச்சேடா.”

“அது பழைய மாடல். இப்ப எல்லாம் இதான். எல்லா வில்லுக்கும் சேரும்.”

“நிச்சயமா?”

“எத்தனை வருஷமா நான் இதைப் பண்றேன்?”

அவன் அம்பைத் திரும்பப் பையில் வைத்தான். “சரி,” என்றான். “இதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லைடா, வெர்லின்.” இருபது வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பழைய நாக் அந்த நேரம் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் காரில் ஏறிப் போகும்வரை நான் வாசலில் நின்று கையசைத்தேன்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். ட்ரூமனைக் கொன்றது ட்ராவிஸ் இல்லை, நான். தெரிந்துதான் கொடுத்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். ஆகும் என்றும் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் அந்த ஆறு அம்புகளையும் நீங்களே சோதித்திருக்கிறீர்கள். ஒரே ஒரு நாக் ஆடியதா? பசை எங்காவது பிதுங்கியிருந்ததா? அறுத்துத்தானே எடுத்தீர்கள்? தவறான நாக் என்று எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. பழக்கமில்லாத கை என்று எழுதக் கூடாது. ட்ராவிஸ் பெயரை எடுக்கும்போது ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரியையும் அடித்துவிடுங்கள். முடிந்தால், அதை முதலில்.