சத்தமில்லாத வாட்டு

மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். அதனாலோ என்னவோ, ஆஸ்பத்திரி வாட்டில் எத்தனை பேர் கத்தினாலும் எனக்குத் தலை வலித்ததில்லை. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா.

பிள்ளைப்பேற்று வாட்டில் பகலுக்கு நான் ஒருத்திதான் தாதி. கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்திருக்கும். எண்பத்தொன்றில் வேலைக்கு வந்த புதிதில் கூப்பிட்டவளிடமெல்லாம் ஓடினேன். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், கூப்பிடாத ஒருத்தி மூலையில் செத்துக் கிடந்தாள். கத்துகிறவளுக்கு உயிர் இருக்கிறது, அவள் காத்திருக்கலாம் என்று அன்று விளங்கியது. கூப்பிட்டால் கடைசியாகத்தான் வருவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொன்னபடியே செய்தேன்.

பெண்கள் கெட்டிக்காரிகள். சீக்கிரமே வாட்டு அடங்கியது. "ஸுல்பிகா, உங்கட வாட்டுக்குள்ள வந்தா கோயிலுக்குள்ள வந்த மாதிரி இரிக்கி" என்றார் டொக்டர் நல்லரெத்தினம். இன்னொரு தாதியைத் தாருங்கள் என்று கேட்டேன். இவ்வளவு அமைதியான வாட்டுக்கு எதற்கு என்றார்கள்.

சித்தி லைலா என்ற பெயருள்ள ஒருத்தி பிள்ளை பெற்ற அன்று பின்னேரம், அவளுடைய தாய் சல்மா உம்மா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மகள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"சும்மா இரிங்க உம்மா. மிஸ்ஸி ஏசுவா."

"ரெத்தம் நிக்குதில்லயே மகள்."

பக்கத்துக் கட்டில் றஹீமா சிரித்தாள். "மூச்சு விடுறத்துக்கும் மிஸ்ஸிட்ட கேட்டுட்டு விடுங்க உம்மா."

நான் மேசையில் இருந்தேன். கையில் வேலை எதுவும் இருக்கவில்லை. கட்டிலின் கீழே சொட்டுவது தெரிந்தது. ஊசிமருந்து அலுமாரியில் இருந்தது. டொக்டர் அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எழும்பியிருக்கலாம். ஆனால் ஒரு கைக்கு எழும்பினால் மறுநாள் எல்லாக் கையும் உயரும்.

லைலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தாள். ஒரு முனகல் இல்லை. பிறகு அந்தப் பார்வை அசையாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் சல்மா உம்மா கத்தினார். மற்றக் கட்டில்களையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக அங்கே போனேன்.

கொன்றது நான்தான். வேறு யாரையும் இதற்குள் இழுக்கத் தேவையில்லை. ஆனால் லைலாவைப் பற்றி ஒரு சொல் குறைவாக எழுதாதீர்கள் ஐயா. அப்படிச் சத்தம் போடாத நோயாளிகள் இருந்தால்தான் எங்களுக்கும் அன்பாக நடந்துகொள்ள மனம் வரும்.