இடப்பக்கத் தையல்

— என்ன மாஸ்டர், ஒரு சட்டை போட இவ்ளோ நேரமா? கடை திறக்கணும்.

— திறக்கலாம். ரெண்டு மாசமா பூட்டிக் கெடந்த கடை, பத்து நிமிஷத்துல எங்கயும் ஓடிடாது.

— நான் உன் புருஷன்தானே, உள்ள வரட்டுமா, இல்ல...

— வெளியவே நில்லுங்க.

— சரி சரி. நிக்கிறேன்.

— ஏங்க... இந்தச் சட்டையை நீங்க தொட்டீங்களா?

— நானா? வெட்டினது நீ, தைச்சது நீ. பட்டன் மட்டும்தான் நான் வெச்சேன்.

— இடப்பக்கம் மூச்சு முட்டுது.

— அதுக்கு என்னைக் கேட்டா?

— இங்க துணியை மடிச்சுப் புதுசா ஒரு டக் பிடிச்சிருக்கு. முடியுற இடத்துல மூணு தடவை திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கு. நம்ம கடையில அப்படி ஓட்டுற ஆள் ஒருத்தர்தான். வாயைத் தொறங்க.

— நான்தான். நேத்து நீ குளிக்கப் போனப்ப.

— எதுக்கு?

— நீ பழைய அளவுக்கே வெட்டியிருப்பன்னு நெனச்சேன். போட்டுப் பார்த்துட்டு, அந்தப் பக்கம் தொளதொளன்னு நின்னா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு...

— இருங்க. அந்தப் பக்கம் சின்னதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டு மாத்துறப்பகூட உங்களை வெளிய அனுப்பிட்டேனே.

— ஆபரேஷன் அன்னைக்கே தெரியும்.

— என்ன சொல்றீங்க...

— கட்டி இருந்த மார்பை எடுத்துட்டு, வயித்துச் சதையை அங்க வெச்சாங்கல்ல... வெச்சதும் நரம்புல ஏதோ பச்சை மருந்து ஏத்தி, ஒரு கேமராவுல பார்த்திருக்காங்க. ரத்தம் ஓடுற இடமெல்லாம் மின்னுமாம். டாக்டர் பாதியில வெளிய வந்து படத்தைக் காட்டினார். ஒரு ஓரம் மட்டும் கும்மிருட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும்.

— ம்.

— "விட்டா அழுகிப்போகலாம். எடுத்தா இன்னொண்ணைவிடச் சின்னதாயிடும். என்ன சொல்றீங்க"ன்னார். நீயோ, ரெண்டும் ஒரே அளவுல வேணும்னு டேப்பை வெச்சுக்கிட்டு அவருக்கே பாடம் எடுத்தவ...

— நீங்க என்ன சொன்னீங்க?

— எடுத்துடுங்கன்னேன். யோசிக்கவே இல்ல. அப்புறம் வராந்தாவுல நின்னு அழுதேன்.

— எதுக்கு? சின்னதாகுதேன்னா?

— லூசு. மிச்ச இடமெல்லாம் மின்னுச்சு. உன் ரத்தம் ஓடுறதை என் கண்ணால பார்த்தேன். கோவமா?

— நீங்க பார்த்தா என்ன நெனப்பீங்களோன்னு, ரெண்டு மாசமா கதவைச் சாத்திச் சாத்தித் துணி மாத்தினேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வெளிய நின்னீங்க?

— நீயா கூப்பிடுவன்னு நின்னேன்... மாஸ்டர், அழுறியா?

— அழல. மூச்சு விட முடியல. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, வெட்டும்போதே இடப்பக்கம் ஒரு இஞ்ச் குறைச்சுதான் வெட்டினேன். அதுக்கு மேல நீங்க வேற பிடிச்சு வெச்சிருக்கீங்க. தையல் பிரிக்கிற கத்தியை எடுத்துட்டு உள்ள வாங்க. தாழ்ப்பாள் போடல... காலையிலேர்ந்தே போடல.