கயிற்றை அவிழ்க்காமல் இறந்த ஆதிநாராயணன் குறித்து அவர் மனைவி சொன்னது

என் பெயர் மணியம்மாள், வயது நாற்பத்து நான்கு, கணவர் பெயர் ஆதிநாராயணன், இப்போது உயிரோடு இல்லை. கும்மிடிப்பூண்டி வட்டம், மேட்டுத் தெருவில் குடியிருக்கிறேன். பிஸ்கட் கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன், தமிழில் கையெழுத்துப் போடுவேன். சிப்காட்டில் உள்ள இரும்புக் கம்பி மில்லில் என் கணவர் வேலை நேரத்தில் இறந்தது பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டதற்கு நான் சொல்வது.

என் கணவர் முன்பு குடிப்பார். அதை நான் மறைக்கவில்லை. போன ஆடி மாதம் ஆரணி ஆற்றோரம் இருக்கும் அம்மன் கோயிலில், இனி குடிப்பதில்லை என்று வேண்டிக்கொண்டு வலது கையில் கயிறு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கயிறு கட்டியவர் மறுபடி குடிக்க வேண்டுமென்றால், அதே கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் கயிற்றை அவிழ்த்த பிறகுதான் குடிப்பார். கயிற்றோடு குடித்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பயம். எங்களுக்கு ஒரே மகள். அவிழ்த்துவிட்டுக் குடித்தவர்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கயிற்றோடு குடித்தவரைப் பார்த்ததில்லை.

குடியை விட்ட பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பாயில் உட்கார்ந்துகொண்டே இருப்பார். பக்கத்து வீட்டு நர்மதா மூலிகைச் சாமான்கள் விற்பவர். அவர் ஒரு டப்பா கொடுத்து, "இது மருந்து இல்லக்கா, சத்து சாமான் மாதிரி. மனசு அமைதியாயிடும், தூக்கம் தானா வரும். சைடு எபெக்டே கெடையாது, நான்கூடப் போட்டுக்கினுதான் கீறேன்" என்றார். அன்று முதல் படுக்கும்போது ஒரு கேப்சூல் போட்டுக்கொண்டார், தூங்கவும் செய்தார். அந்த டப்பாவை நான் மாத்திரைகள் வைக்கும் தகர டப்பாவில் வைக்கவில்லை, சர்க்கரை டப்பா பக்கத்தில் அடுக்கில் வைத்தேன்.

அதன் பிறகு மில் சூட்டிலும் தூசியிலும் அவருக்குக் கழுத்து, முழங்கை எல்லாம் தடித்துச் சிவந்து அரிப்பு எடுத்தது. நாங்கள் இருவரும் பஜாரில் உள்ள கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அரிப்புக்கு மாத்திரை எழுதி, இது தூக்கம் கொடுக்கும், ராத்திரி ஒன்று மட்டும் போடுங்கள் என்று சொல்லி, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். என் கணவர் இல்லை என்றார். நானும் பக்கத்தில் நின்று இல்லை என்றுதான் தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அது மருந்து என்ற கணக்கிலேயே இல்லை.

அதிலிருந்து அரிப்பு மாத்திரையும் அந்தக் கேப்சூலும் சேர்ந்தே போட்டுக்கொண்டார். அரிப்பு குறைந்தது. ஆனால் காலையில் எழுப்பினால் உட்கார்ந்தபடியே மறுபடி சாய்ந்துவிடுவார். நன்றாகத் தூங்குகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை டூட்டிக்கு ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துத்தான் எழுப்பினேன். நாஷ்டா பாதியில் வைத்துவிட்டார். வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். நான் சொன்னதும் குனிந்து பார்த்து, "இன்னாடி இது, காலு மாறிப்போச்சு" என்று சிரித்தார். குடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட அவர் செருப்பை மாற்றிப் போட்டதில்லை. அதன் பிறகு, கூட வேலை செய்யும் குணாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனார்.

மில்லில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, குணா சொல்லித் தெரியும். கேட்டில் இறங்கும்போது என் கணவர் தள்ளாடினார். குணா, "இன்னா மாமா, கயித்த அவுத்துட்டியா?" என்று கிண்டல் செய்தான். அவர், "டேய், தூக்கம்டா, பேஜாரு பண்ணாத" என்றார். அங்கே நின்றிருந்த சூப்பர்வைசர் சுப்பராயனும் சிரித்தார், உள்ளே அனுப்பினார். அதன் பிறகு கிரேனில் கம்பிக் கட்டு வரும்போது ஹாரன் அடித்தும் என் கணவர் நகரவில்லை. கண் திறந்துதான் இருந்தது என்று குணா சொன்னான். கட்டு அவர் தலையில் மோதியது.

அரசு மருத்துவமனையில் சுப்பராயன் என்னிடம், "குடிச்சிட்டு வந்து நின்னா நாங்க இன்னாம்மா பண்றது" என்றார். குணாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அடக்கம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, "நான் சும்மா கலாய்ச்சேன்க்கா, மில்லுல அதையே சாட்சின்னு எழுதிக்கினாங்க" என்று அழுதான். அதை அவனே இங்கு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். தள்ளாடிய ஆளை ஏன் உள்ளே விட்டார்கள் என்று சுப்பராயனையும் கேட்க வேண்டும்.

மருத்துவமனை டாக்டரம்மா, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோதுதான் அடுக்கில் இருந்த டப்பா என் ஞாபகத்துக்கு வந்தது. மகள் போய் எடுத்து வந்தாள். இரண்டுமே தூக்கம் கொடுப்பவை, சேர்ந்தால் மந்தம் கூடும், விடிந்த பிறகும் தெளியாமல் இருக்கலாம், ஆனால் அதனால்தான் என்று பரிசோதனை வராமல் சொல்ல முடியாது என்றார். ஆகவே ரத்தத்தில் சாராயம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இந்த இரண்டும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நர்மதா மீது எனக்குப் புகார் இல்லை. அவர் தன் மாமியாருக்குச் சளி மாத்திரையோடு அந்தக் கேப்சூலையே கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் நிறுத்தச் சொன்னேன்.

அவிழ்க்காமல் இறந்தவரின் கயிற்றைக் கோயில் வேப்பமரத்தில் கட்ட வேண்டும். கொண்டுபோனேன். குடித்துச் செத்தவர் கயிற்றை அங்கே வாங்க மாட்டார்கள். பூசாரி, "ஊர்ல ஒரு மாதிரியா பேசிக்கிறாங்க. ஸ்டேஷன்ல இன்னா எழுதறாங்கன்னு தெரியட்டும், அப்பறம் வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்.

கேப்சூல் டப்பாவையும் மீதி மாத்திரை அட்டையையும் இங்கே ஒப்படைக்கிறேன். கயிற்றை ஒப்படைக்க எனக்குச் சம்மதம் இல்லை. ஐயா பார்ப்பதற்காக மேசைமேல் வைத்தேன். மருத்துவமனையில் கத்தரியால் வெட்டி எடுத்தது. பூசாரி போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. பார்த்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஆ. மணியம்மாள்